ஃபைண்ட் எ கிரேவ்: உள்நாட்டுப் போர் வீரர்களின் கல்லறைக்கற்களைத் தேடுவோருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஓரிகன் மாநிலத்தில் வசிக்கும் முதிய பெண்மணி ஒருவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற தம் எள்ளுத் தாத்தாவின் கல்லறைக்கல்லை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று விரும்பினார். அந்தக் கல் நிற்பதோ நாட்டின் மறுகோடியில், பென்சில்வேனியாவின் தென்பகுதியில் உள்ள ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் பின்புறம். என் வீட்டிலிருந்து அங்கே செல்லக் காரில் இருபத்தைந்து நிமிடம் ஆகும். அவரையும் என்னையும் அந்தக் கல்லையும் ஒன்று சேர்த்தது ஃபைண்ட் எ கிரேவ் என்னும் இணையச் சேவை. நான் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, தம் குடும்பத்தில் எவரும் இதுவரை அந்தக் கல்லைக் கண்டதில்லை என்று அவர் எழுதியிருந்தார். நான்கு ஆண்டுகளாக இந்தச் சேவையைப் பயன்படுத்தி, பெரும்பாலும் உள்நாட்டுப் போர் வீரர்களின் கற்களையே தேடிப் படம் எடுத்து வருபவன் என்ற முறையில், இதன் நிறைகளையும் எல்லைகளையும் எழுதிவைக்க விரும்புகிறேன்.

இந்தச் சேவையை 1995இல் ஜிம் டிப்டன் என்பவர் தொடங்கினார். 2013இல் குடும்ப வரலாற்று நிறுவனமான ஆன்செஸ்ட்ரி இதை வாங்கியது. ஆயினும் பயன்பாடு இன்றும் இலவசமே. பக்கங்களில் விளம்பரங்கள் வரும், அவ்வளவுதான். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நினைவுப் பக்கம் உண்டு. அப்படிப்பட்ட பக்கங்கள் இப்போது 20 கோடியைத் தாண்டிவிட்டன. எவர் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு புதிய பக்கம் தொடங்கலாம், படம் ஏற்றலாம், திருத்தம் அனுப்பலாம். கல்லின் படம் இல்லாத பக்கத்தில் படக் கோரிக்கை வைத்தால், அந்தக் கல்லறைத் தோட்டத்தின் அருகில் வசிக்கும் தன்னார்வலர்களுக்கு அது தெரியவரும். அவர்களில் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டு சென்று படம் எடுத்து ஏற்றுவார். கேட்டவரும் எடுத்தவரும் ஒருவருக்கொருவர் ஒரு காசும் கொடுப்பதில்லை. இந்த எளிய ஏற்பாடுதான் சேவையின் உயிர். மற்ற வசதிகள் அனைத்தும், மலர் வைப்பது போன்ற படத்தை ஏற்றும் வசதி உட்பட, எனக்கு இரண்டாம்பட்சம்.

உள்நாட்டுப் போர் வீரர்களைத் தேடுவோருக்கு இந்த ஏற்பாடு தனிச்சிறப்பாகப் பொருந்துகிறது. அதற்குக் காரணம் கற்களிலேயே இருக்கிறது. 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் ஏறத்தாழ 6 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறந்தனர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. உண்மைத் தொகை அதைவிட மிக அதிகம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர். போர் முடிந்த பின், வட மாநிலங்களின் தரப்பான ஒன்றியப் படையினரின் உடல்களைத் தோண்டியெடுத்துச் சேர்க்கும் பெரும்பணி நடந்து, 1870 வாக்கில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் 73 தேசியக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். முதலில் நடப்பட்டவை மரப்பலகைகளே. பலகை ஒன்றுக்கு ஒரு டாலருக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவானது. ஐந்தாறு ஆண்டில் அது மழையில் உளுத்துவிடும். ஆகவே 1873இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 10 லட்சம் டாலர் ஒதுக்க, போர்த்துறைச் செயலர் வில்லியம் பெல்நாப் நிலையான கல்லுக்கு ஓர் அளவு வகுத்தார்: 10 அங்குல அகலம், 4 அங்குலக் கனம், மேல்விளிம்பில் மெல்லிய வளைவு, முகப்பில் குழிவாகச் செதுக்கிய கேடயம், அதனுள் புடைப்பு எழுத்தில் பெயரும் படைப்பிரிவும். 1879இல் இந்த உரிமை தனியார் இடுகாடுகளுக்கும் விரிந்தது. தேவாலயத்தின் பின்னாலும் சோளக்காட்டின் நடுவிலும் இந்தக் கேடயக் கற்கள் இன்று கண்ணில் படுவது அதனால்தான்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேவையின் செயலியைக் கையில் வைத்துக்கொண்டு இடுகாட்டுக்குள் நுழைபவருக்கு, கல்லின் வடிவம் தெரிந்திருந்தால் வேலை பாதியாகக் குறைகிறது. தொலைவிலிருந்தே கேடயத்தின் நிழல் தெரியும். கையில் ஓர் அளவுநாடா இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் 1903இல் அகலத்தை 12 அங்குலமாக உயர்த்தினார்கள். 10 அங்குலக் கல் அதற்கு முந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒரு வீரர் 1890இல் இறந்ததாகப் பக்கம் சொல்ல, கல் 12 அங்குல அகலம் இருந்தால், அது பின்னாளில் உறவினரோ முன்னாள் வீரர் சங்கமோ விண்ணப்பித்துப் பெற்ற கல்லாக இருக்கக்கூடும். 1879 முதல் 1903 வரை வழங்கிய கற்களுக்கான அட்டைப் பதிவுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பெயர், படைப்பிரிவு, இடுகாடு ஆகியவற்றை அவற்றில் சரிபார்க்கலாம். கல்லில் உள்ள சுருக்கங்களையும் படிக்கப் பழக வேண்டும். கம்பெனி என்னும் சிறு படையணியின் எழுத்து, படைப்பிரிவின் எண், மாநிலம், காலாட்படையா குதிரைப்படையா என்பது, இவ்வளவுதான் இருக்கும். பிறந்த நாளும் இறந்த நாளும் பழைய அரசுக் கற்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த இல்லாமைக்குப் பின்னர் வருகிறேன்.

அந்தப் போரின் பெரும் களங்களில் ஒன்றான பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் உள்ள தேசியக் கல்லறைத் தோட்டத்தில் நிலைமை வேறு. 1863 நவம்பர் 19 அன்று லிங்கன் பேசிய அந்த இடத்தில், வில்லியம் சாண்டர்ஸ் வகுத்த அரைவட்ட அமைப்பில், 3,500க்கும் மேற்பட்ட ஒன்றிய வீரர்கள் மாநிலவாரியாக வரிசை வரிசையாக உறங்குகிறார்கள். அங்கே கேடயக் கல் அரிது. தரையோடு ஒட்டிய நீண்ட கருங்கல் வரிசையில் பெயர்கள் அடுத்தடுத்துச் செதுக்கப்பட்டிருக்கும். படம் எடுப்பவரின் நிழலே கல்லின்மேல் விழும் என்பதால், சூரியனுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று குனிந்து எடுக்க வேண்டும். இத்தகைய புகழ்பெற்ற இடத்தில் இந்தச் சேவைக்குப் பெரிதாகப் பணி இல்லை. அங்கே பெரும்பாலான பெயர்களுக்கு ஏற்கெனவே படங்கள் உள்ளன. புதிதாகச் சேருபவர்கள் அங்கே போய்ப் பழகலாமே தவிர, தேவை இருப்பது வேறு இடங்களில்.

அந்த வேறு இடம் அதே ஊரில்தான் இருக்கிறது. லாங் லேன் என்ற தெருவில் உள்ள லிங்கன் கல்லறைத் தோட்டம், கெட்டிஸ்பர்க்கின் கறுப்பின மக்கள் 1867இல் தமக்கென ஏற்படுத்திக்கொண்டது. ஒன்றியப் படையில் ஏறத்தாழ 1 லட்சத்து 79 ஆயிரம் கறுப்பின வீரர்கள் பணியாற்றினர். அவர்களில் சுமார் 30 பேர் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். கேடயத்துக்குள் மாநிலத்தின் பெயருக்குப் பதிலாக யு.எஸ்.சி.டி. என்ற நான்கு எழுத்துகள் இருக்கும். அமெரிக்க நிறத்தவர் படை என்பது அதன் பொருள். பேசில் பிக்ஸ் என்பவரின் கல்லும் இங்கேதான் இருக்கிறது. போர்க்களத்தில் அவசர அவசரமாகப் புதைக்கப்பட்டிருந்த ஒன்றிய வீரர்களின் உடல்களைத் தோண்டி எடுத்துப் பெட்டியில் வைத்துத் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்த கறுப்பினத் தொழிலாளர்களை வழிநடத்தியவர் அவர். அந்தப் பணிக்கு ஒப்பந்தக்காரர் பெற்ற தொகை உடல் ஒன்றுக்கு 1 டாலர் 59 சென்ட். பிக்ஸும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கித் தந்த அந்தத் தோட்டத்தில் அவர்களுடைய இனத்து வீரர்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை. நான் லிங்கன் தோட்டத்தில் நின்ற முதல் காலை, கையிலிருந்த பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா நடந்தேன். இத்தகைய இடுகாடுகளில் எடுக்கப்படும் ஒவ்வொரு படத்துக்கும் எடை அதிகம். நாடு முழுவதும் உள்ள சிறிய கறுப்பின இடுகாடுகளில் பல, பராமரிக்க ஆளின்றிப் புதர் மண்டிப் போயிருக்கின்றன. கல் உடைந்து மறைந்த பின் அது நின்றதற்கான சான்றாக எஞ்சப்போவது எவரோ ஒரு தன்னார்வலர் எடுத்த படமாக இருக்கலாம். எனக்கு இந்தச் சேவையின் மீதுள்ள மதிப்பில் பெரும்பங்கு இதனால் வந்தது.

சேவை திணறும் இடம் பெயரில்லாதவர்களின் வரிசை. வர்ஜீனியாவின் ஃபிரெடரிக்ஸ்பர்க் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட ஒன்றிய வீரர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் யாரென்று தெரியாதவர்கள். மேரீஸ் ஹைட்ஸ் மேட்டின் படிக்கட்டுத் தளங்களில் அவர்களுக்கு இருப்பது 6 அங்குலச் சதுரக் கல், அதன் தலையில் இரண்டு எண்கள். மேலே உள்ளது குழியின் எண். கீழே உள்ளது அந்தக் குழியில் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்பது. கீழே ஐந்து என்றிருக்கும் கல்லைப் பார்த்துவிட்டு, அதை எந்தப் பக்கத்தில் ஏற்றுவது என்று நினைத்துப் பாருங்கள். பெயரைச் சாவியாகக் கொண்டு கட்டப்பட்ட ஒரு தேடுபொறியில் எண்ணுக்கு இடமில்லை. கோரிக்கை வைக்கவும் எவரும் இல்லை, ஏனெனில் தன் பாட்டன் அந்தக் குழியில் இருக்கிறார் என்று எவருக்கும் தெரியாது. நான் அவற்றைப் படம் எடுத்து, தோட்டத்தின் பொதுப் பக்கத்தில் சிலவற்றை ஏற்றியிருக்கிறேன். அது நிறைவான தீர்வு அன்று. கல்லறைகளுக்கான சேவை என்று பெயர் இருந்தாலும், உண்மையில் இது பெயர்களுக்கான சேவை. அந்த வரம்பைத் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும்.

தென் மாநிலங்களின் தரப்பான கூட்டமைப்புப் படையினரைத் தேடுபவர்களும் சிலவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. கெட்டிஸ்பர்க் களத்தில் புதைந்திருந்த தென்னக வீரர்களில் 3,000க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் 1871 முதல் 1873 வரை தோண்டி எடுக்கப்பட்டுத் தெற்கே அனுப்பப்பட்டன. பெரும்பகுதி ரிச்மண்ட் நகரின் ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்குத் தனித்தனிக் கல் இல்லை. ஆகவே அவர்களுடைய பக்கங்களில் படக் கோரிக்கை வைப்பவருக்கு, அங்கே கல் இல்லை என்ற பதிலைத்தான் தன்னார்வலர் எழுதியாக வேண்டும். அப்படி எழுதவும் சேவையில் வழி இருக்கிறது, அதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். வட மாநிலச் சிறைமுகாம்களில் இறந்த தென்னக வீரர்களுக்கு 1906க்குப் பின் அரசு கல் நட்டது. கேடயம் இல்லாமல், உச்சி கூராக இருக்கும் அந்தக் கற்களை எளிதில் அடையாளம் காணலாம். வடக்கத்தியர் ஏறி உட்காராமலிருக்கவே உச்சியைக் கூராக்கினார்கள் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை என்ற அளவில் அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

இனி, மேலே தள்ளிவைத்த செய்திக்கு வருகிறேன். கல்லில் இறந்த நாள் இல்லை. ஆனால் நினைவுப் பக்கத்தில் நாள், மாதம், ஆண்டு, பெற்றோர் பெயர் எல்லாம் இருக்கும். அவை எங்கிருந்து வந்தன? சில பக்கங்களில் ஓய்வூதிய ஆவணம், படைப்பதிவு, செய்தித்தாள் அறிவிப்பு என்று சான்று தரப்பட்டிருக்கும். பல பக்கங்களில் ஒன்றுமே இருக்காது. பக்கத்தைத் தொடங்கியவர் பழைய இடுகாட்டுப் பட்டியலிலிருந்தோ குடும்ப மரத்திலிருந்தோ எடுத்து எழுதியிருப்பார். அதைப் பார்த்து இன்னொரு குடும்ப மரம் எழுதப்படும். பிறகு இரண்டும் ஒன்றையொன்று சான்றாகக் காட்டும். ஒரே வீரருக்கு இரு ஊர்களில் இரு பக்கங்கள் இருப்பதும் உண்டு. உடல் ஓரிடத்திலும் நினைவுக்கல் மட்டும் சொந்த ஊரிலுமாக இருந்தால், அதை உடலில்லா நினைவுக்கல் என்று குறிக்கும் வசதி சேவையில் இருக்கிறது. ஆனால் பக்கத்தைத் தொடங்கியவர் அதை அறிந்து குறித்திருக்க வேண்டும். கல்லின் படத்தைச் சான்றாகக் கொள்ளுங்கள். நினைவுப் பக்கத்திலுள்ள எழுத்தைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள் என்றுதான் இதைக் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது வழக்கம்.

படம் எடுப்பவரும் தவறு செய்யக்கூடும் என்பதை என் தவறிலிருந்தே அறிந்தேன். ஓர் இடுகாட்டில் ஒரே பெயருடைய இருவர், சிற்றப்பாவும் அண்ணன் மகனுமாக, அடுத்தடுத்த வரிசைகளில் இருந்தார்கள். ஒரு கல்லின் அருகே ஐந்து முனை வெண்கல நட்சத்திரம் நடப்பட்டிருந்தது. 1866இல் தொடங்கிய கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் என்ற ஒன்றிய வீரர் சங்கத்தின் சின்னம் அது. நட்சத்திரத்தைக் கண்டதும் வீரர் இவர்தான் என்று முடிவு செய்து படத்தை ஏற்றிவிட்டேன். சில மாதங்கள் கழித்து வேறொரு தன்னார்வலர் சுட்டிக்காட்டினார்: போருக்குச் சென்றவர் சிற்றப்பா, படைப்பிரிவு எண்ணுடன் கூடிய அவருடைய சிறிய கேடயக் கல் பின்வரிசையில், பாதி மண்ணில் புதைந்து நிற்கிறது. புல் வெட்டுபவர்கள் நட்சத்திரங்களைப் பிடுங்கிவிட்டுத் திரும்பக் கைக்கு எட்டிய இடத்தில் குத்திவிடுவதுண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்று முதல் படைப்பிரிவைக் கல்லிலேயே படித்துப் பார்க்காமல் நான் எதையும் ஏற்றுவதில்லை. கல்லின் முகப்பை நெருங்கி ஒன்றும், அக்கம்பக்கத்துக் கற்களோடு ஒன்றும், பின்னால் தேவாலயமோ மரமோ தெரியும்படி ஒன்றுமாக மூன்று படங்கள் எடுக்கிறேன். மூன்றாவது படம் அடுத்து வருபவருக்கு வழிகாட்டும்.

இட விவரம் இந்தச் சேவையில் சீராக இல்லை. ஜி.பி.எஸ். புள்ளி சேர்க்க வசதி உண்டு. சேர்ப்பதும் விடுவதும் தன்னார்வலரின் விருப்பம். பத்தாயிரம் கற்கள் உள்ள தோட்டத்தில் பகுதி எண் கூட இல்லாத கோரிக்கையை ஏற்றுக்கொண்டால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். முதலில் இடுகாட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி வரிசையைக் கேட்டுக்கொள்வது மேல். இந்த ஒரு விஷயத்தில் பில்லியன் கிரேவ்ஸ் என்ற சேவை முந்துகிறது. அதன் செயலி, படம் எடுக்கும்போதே இருப்பிடத்தையும் சேர்த்துப் பதிந்துகொள்கிறது. ஆனால் வீரர்களைத் தேடும் உறவினர்கள் திரண்டிருப்பது ஃபைண்ட் எ கிரேவில்தான் என்பதால், படம் சேர வேண்டியவரிடம் சேர்வதும் இங்கேதான்.

வெளிச்சத்தைப் பற்றிச் சேவை அதிகம் கற்றுத்தருவதில்லை; அதை இடுகாடுதான் கற்றுத்தந்தது. பழைய கற்களில் பல கிழக்கு நோக்கி நிற்கும். காலை வெயில் நேராக முகத்தில் விழும்போது படம் எடுத்தால், தேய்ந்த பளிங்கில் எழுத்துகள் கரைந்துவிடும். சூரியன் தெற்கே ஏறி, ஒளி கல்லின் முகப்பைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் நேரமே எழுத்தை எழுப்பிக் காட்டும். பென்சில்வேனியாவில் கோடைக் கடிகாரப்படி அது பகல் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடைப்பட்ட சிறு பொழுது. வடக்கு நோக்கிய கல்லுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அதற்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஒளியைத் திருப்பிக் கல்லின் குறுக்கே ஓடவிட வேண்டும். அறைக்கதவில் மாட்டும் மலிவான கண்ணாடியே போதும், பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மூன்றா எட்டா என்று மூன்று ஆண்டுகளாகத் தெரியாமலிருந்த ஓர் எண்ணை, என் மகள் கண்ணாடியைப் பிடித்த அரை நிமிடத்தில் படித்துவிட்டோம்.

எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணக்கட்டி, மாவு, சவர நுரை ஆகியவற்றைக் கல்லில் பூசுவதை எக்காரணத்தாலும் செய்யாதீர்கள். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலத்தன்மையுள்ள எதுவும் அதை அரிக்கும், சவர நுரையிலும் ஸ்டியரிக் அமிலம் உண்டு. நூற்றைம்பது ஆண்டு மழை குடித்த கல்லின் மேற்பரப்பு விரலால் தடவினாலே சர்க்கரை போல உதிரும். கம்பித் தூரிகையும் வெளுப்பானும் அதற்கு நஞ்சு. பழைய படங்களில் சில கற்கள் சுண்ணம் பூசப்பட்டு வெள்ளை வெளேரென்று தெரிகின்றன. படத்தைப் பார்த்துவிட்டு நேரில் போனால் கல்லின் நிலை கவலை தருகிறது. படம் ஏற்றும் இடத்திலேயே இந்த எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் வைத்தால் நன்றாயிருக்கும் என்பது என் வேண்டுகோள். இடுகாட்டின் அனுமதியோடு, வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு முகப்பிலுள்ள மண்ணை நீக்குவதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். காலணியையும் காலுறையையும் பற்றி ஒரு வார்த்தை: மே முதல் ஜூலை வரை உயரமான புல்லில் உண்ணி மிகுதி, உண்ணி கடித்தால் பரவும் லைம் நோய் இந்தப் பகுதியில் சாதாரணம். முழுக்கால் சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொண்டே உள்ளே நுழையுங்கள்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் சான்றில்லாத விவரங்கள்தான். தன் குடும்பத்து வீரரின் கல்லைப் பார்க்க விரும்பும் எவரும் தயங்காமல் கோரிக்கை வைக்கலாம். படைப்பிரிவின் எண்ணும் இடுகாட்டின் பகுதியும் தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள். வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள், வீட்டுக்கு மிக அருகிலுள்ள, எவரும் போகாத சிறிய இடுகாட்டிலிருந்து தொடங்குங்கள்.

என்னிடம் இப்போது ஒரு கோரிக்கை நிலுவையில் இருக்கிறது. கல் குப்புற விழுந்து கிடக்கிறது; அதைத் தன்னார்வலர் புரட்டக்கூடாது, புரட்டினால் உடையும். நாடாவை வைத்துப் பார்த்தேன்: 10 அங்குல அகலம், 4 அங்குலக் கனம். வரிசையும் இடுகாட்டுப் பதிவேட்டோடு பொருந்துகிறது. ஏப்ரலில் நிலம் இளகியதும் தூக்கி நிறுத்துவதாக இடுகாட்டுப் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு அதன் பின்புறத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கேட்டவர், காத்திருப்பதாகப் பதில் எழுதினார்.